மட்டி ஓடு கையில் நொறுங்குகிறது: கடல் அமிலமாவதுதான் காரணமா?

சாட்டிக்கரை

வணக்கம் உறவுகளே. போன ஞாயிறு அம்மா மட்டி அவித்தார். சதையை எடுத்த பிறகு ஓட்டை வேலியோரம் கொட்டுகிற வேலை என்னுடையது. கொட்டிவிட்டுத் திரும்பும்போது தவறி அதன்மேல் காலை வைத்துவிட்டேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே வேலியோரத்தில் கிடந்த மட்டி ஓடு உள்ளங்காலை வெட்டி, மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்திருக்கிறேன். அந்த ஓடு கல்லு மாதிரி. இப்போதைய ஓடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். விரலின் நிழல் மறுபக்கம் தெரிந்தது.

அன்றிரவு நெடுநேரம் இருந்து படித்தேன். நாங்கள் எரிக்கிற எண்ணெய், நிலக்கரி எல்லாவற்றிலிருந்தும் வருகிற காபனீரொட்சைட்டில் ஏறத்தாழக் கால்வாசியைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல்மேற்பரப்பு நீரின் பி.எச் பெறுமானம் (அமிலமா காரமா என்று காட்டுகிற அளவு) தொழிற்புரட்சிக்கு முன் இருந்த 8.2 அளவிலிருந்து 8.1 அளவுக்கு இறங்கிவிட்டது. இதைச் சமுத்திர அமிலமாதல் என்கிறார்கள். ஓடு உள்ள உயிர்களுக்கு ஓடு கட்டுவதே கஷ்டமாகிறது என்று போகிற இடமெல்லாம் எழுதியிருக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணப் பரவைக்கடலில் இது எப்படி இருக்கும்? மட்டி, சங்கு, நண்டு, கடலட்டை எல்லாவற்றுக்கும் ஒரே அடிதானா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் கணக்குப் படித்தவன், கடல் படித்தவன் இல்லை.

பாசையூர்த் தொழிலாளி

தம்பி, முப்பது வருடமாகத் தொழிலுக்குப் போகிறவன் எழுதுகிறேன். ஓடு மெல்லிசா தடிப்பா என்பது மட்டியின் சாதியைப் பொறுத்தது, அது கிடந்த தரையைப் பொறுத்தது. சேற்றில் கிடந்தது ஒரு மாதிரி, மணலில் கிடந்தது ஒரு மாதிரி. பிஞ்சு மட்டியை வாரிக்கொண்டு வந்து விற்றாலும் ஓடு மெல்லிசாகத்தான் இருக்கும். முதலில் அம்மாவிடம் எங்கே வாங்கினது என்று கேளுங்கள்.

மாரியில் பெருமழை பெய்து வெள்ளம் பரவைக்கடலுக்குள் இறங்கினால் மட்டி வாய் பிளந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கரை முழுக்க நாறும். அது நன்னீர் தாங்காமல் செத்தது. அதற்கும் அமிலம் என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. இரவில் இழுவைமடி வந்து கடலடியை வழித்துக்கொண்டு போகிறது. 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று, இன்னும் நிற்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நடக்கிற அழிவை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பேசத் தொடங்கினால் எங்கள் கதை அமுங்கிப் போகும். இதைக் கோபத்தில் எழுதவில்லை தம்பி, பயத்தில் எழுதுகிறேன்.

நிலாவரையடி மாஸ்ரர்

பாசையூர் அண்ணை சொன்னதை எல்லோரும் மனதில் வைத்திருங்கள். ஒரு சட்டி மட்டியை வைத்துக்கொண்டு சமுத்திரத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இதன் இரசாயனத்தில் சந்தேகம் இல்லை. அதை உங்கள் குசினியிலேயே காட்டலாம். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கேத்தலைத் திறந்து உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது கல்சியம் காபனேற்று. மட்டி ஓடும் அதே பொருள்தான். அது எப்படிக் கேத்தலுக்குள் வந்தது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு காபனிக்கமிலம் ஆகிறது. அந்த மெல்லிய அமிலம் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. கரைந்த கல்தான் கிணற்றுத் தண்ணீரில் இருகாபனேற்றாக நிற்கிறது. கொதிக்க வைத்தால் வாயு பறந்துவிடும், கல் திரும்பப் படிந்துவிடும். நிலாவரைக் கிணறு இராமர் அம்பு விட்டு உண்டானது என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் நிற்கிற அந்தக் கிடங்கைக் குடைந்ததும் இதே அமிலம்தான், எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக.

இனிக் கடல். காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. காற்றில் கூடினால் கடலுக்குள்ளும் கூடப் போகும். உள்ளே போனது காபனிக்கமிலமாகி ஐதரசன் அயனை விடும். அந்த அயன் சும்மா இருக்காது. நீரில் இருக்கிற காபனேற்று அயனைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடும். ஓடு கட்டக் கல்சியமும் காபனேற்றும் வேண்டும். கல்சியம் கடலில் குறைவில்லாமல் இருக்கிறது. காபனேற்றுக்குத்தான் தட்டுப்பாடு. கொத்தனாரிடம் மணல் மலைபோலக் கிடக்கிறது, சீமெந்து மட்டும் நாளுக்கு நாள் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 7க்குக் கீழே போனால்தான் அமிலம். 8.1 இன்னும் காரப் பக்கமே. நாற்பது பாகையில் இருந்த தண்ணீர் முப்பத்தைந்துக்கு வந்தால் ஆறுகிறது என்கிறோம், தண்ணீர் இன்னும் சூடாகத்தானே இருக்கிறது? அந்தக் கணக்கில் வைத்த பெயர் இது. 0.1 தானே என்றும் நினைக்கவேண்டாம். பி.எச் மடக்கை அளவு. 0.1 இறங்கினால் ஐதரசன் அயன் நூற்றுக்கு 26 அளவில் கூடியிருக்கிறது என்று பொருள்.

நெடுந்தீவு மதில்

மாஸ்ரர், ஒரு கேள்வி. எங்கள் ஊரில் மதிலே முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து மாதிரி இந்தக் கல்லே கரைந்து கடலைச் சரிப்படுத்தாதா? மற்ற நாடுகளுக்கு வருகிற ஆபத்து எங்களுக்கு வராது என்று நினைக்கலாமா?

நிலாவரையடி மாஸ்ரர்

அருமையான கேள்வி. இதை நானே நீண்ட நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றுத் தண்ணீர் கல்லைக் கரைக்கிறது என்றால், அதில் கல்சியம் காபனேற்று இன்னும் நிரம்பவில்லை என்று பொருள். எங்களைப் போன்ற வெப்பக் கடல்களில் மேற்பரப்பு நீர் ஏற்கனவே நிரம்பி வழிகிறது. கரையக்கூடிய அளவுக்கு மேல் மூன்று நான்கு மடங்கு இருக்கிறது. அதனால்தான் உங்கள் ஊர்க் கரையில் முருகைக்கல் அலைக்குள் அப்படியே நிற்கிறது. கரையாத கல் எப்படி மருந்தாகும்? நீண்ட காலத்தில் நிலத்துக் கல்லும் ஆழ்கடல் அடியில் கிடக்கிற சுண்ணாம்பும் கரைந்து சமநிலையைக் கொண்டுவரும், அது உண்மை. அதற்கு எடுக்கிற காலம் ஆயிரக்கணக்கான வருடங்கள். நாங்கள் வாயுவை ஏற்றுவது இருநூறு வருடத்துக்குள்.

நிரம்பி வழிகிறதென்றால் பயம் எதற்கு என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வழிகிற அளவு குறையக் குறைய முருகையும் சிப்பியும் ஓடு கட்டுகிற வேகம் குறையும். கரைகிற கட்டத்துக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. குளிர்க் கடல்கள் அந்தக் கட்டத்தை முதலில் தொடுகின்றன. தென் சமுத்திரத்தில் மிதந்து திரியும் கடல் வண்ணத்துப்பூச்சி என்ற குட்டி நத்தைகளின் ஓடு உயிரோடு இருக்கும்போதே அரிபட்டிருந்ததை 2012இல் வெளியிட்டார்கள்.

சாட்டிக்கரை

மாஸ்ரர், நேற்று மகளும் நானும் ஒரு மட்டி ஓட்டை வினாகிரிக்குள் போட்டோம். பொங்கிப் பொங்கிக் குமிழி வந்தது. அடுத்த நாள் காலை தொட்டால் மா மாதிரிக் கையில் ஒட்டியது. மகள் அழாக் குறை. கடலில் இருக்கிற மட்டிக்கும் இப்படியா வலிக்கும் என்று கேட்டாள்.

நிலாவரையடி மாஸ்ரர்

பிள்ளைக்குச் சொல்லுங்கள், கடல் வினாகிரி ஆகாது. வினாகிரியின் பி.எச் இரண்டரை, மூன்று அளவில். கடலோடு ஒப்பிட்டால் ஐதரசன் அயன் இலட்சம் மடங்குக்கும் மேல். அந்தப் பரிசோதனை ஓடு எதனால் ஆனது என்று காட்டும். அமிலமாதல் எப்படிக் கொல்லும் என்று காட்டாது. வளர்ந்த மட்டி கரைந்துபோவதை யாரும் காணப் போவதில்லை. அடி விழுகிற இடம் வேறு. இங்கே யாராவது அதை எனக்குமேல் தெரிந்தவர் எழுதினால் நல்லது.

வன்கூவர் அக்கா

மாஸ்ரர் விட்ட இடத்திலிருந்து நான் எழுதுகிறேன். நான் ஊரை விட்டு வந்து இருபத்தைந்து வருடம். இங்கே பசிபிக் கரையில் சிப்பி வளர்ப்பவர்கள் மத்தியில் இந்தக் கதையை அறியாதவர் இல்லை.

அமெரிக்காவின் ஒரிகன் கரையில் நெட்டார்ட்ஸ் குடா என்று ஓர் இடம். அங்கே விஸ்கி கிரீக் என்ற சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொட்டிகளில் சிப்பிக் குடம்பிகள், அதாவது முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள், கோடிக்கணக்கில் சாகத் தொடங்கின. முதலில் கிருமி என்று நினைத்தார்கள். தண்ணீரைச் சுத்திகரித்துக் கிருமியை அகற்றினார்கள். அப்படியும் செத்தன. பிறகுதான் அலன் பார்ட்டன் என்பவரும் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேர்க் ஹேல்ஸும் தண்ணீரின் இரசாயனத்தைப் பார்த்தார்கள். காற்று ஒரு பக்கமாக வீசும்போது ஆழத்துக் குளிர்நீர் கரைக்கு ஏறி வருகிறது. அந்த நீரில் ஏற்கனவே காபனீரொட்சைட்டு அதிகம். அதன்மேல் மனிதர் விட்டதும் சேர்ந்துவிட்டது. அந்த நீர் தொட்டிக்கு வந்த நாட்களில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் தப்பவில்லை. 2012இல் இது ஆய்வாக வெளிவந்தது.

ஏன் குஞ்சுகள்? இதுதான் நெஞ்சைத் தொட்ட விஷயம். சிப்பியின் முட்டை கருக்கட்டி ஒரு நாள், இரண்டு நாளுக்குள் அந்தத் துளி உயிர் தன் முதல் ஓட்டைக் கட்டி முடிக்கவேண்டும். ஆங்கில D எழுத்தைப் போல ஒரு பக்கம் நேராக இருக்கும், மணலில் ஒரு பொடியை விடச் சிறிது. அந்த ஓடு முடியும்வரை அதற்குச் சரியாகச் சாப்பிட முடியாது. தாய் முட்டைக்குள் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மட்டும்தான். காபனேற்றுக் குறைந்த தண்ணீரில் ஓடு கட்ட அதிக சக்தி செலவாகிறது. பாதி வழியில் சோறு முடிந்துவிட்டால் பசியில் செத்துவிடும். கரைந்து சாகவில்லை, கட்டிக் களைத்துச் சாகிறது.

அவர்கள் எப்படித் தப்பினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தொட்டித் தண்ணீருக்குச் சோடியம் காபனேற்றுச் சேர்த்தார்கள், காரப்பக்கம் தூக்குவதற்கு. அத்தோடு தண்ணீரைக் காலையில் எடுக்காமல் பின்னேரத்தில் எடுத்தார்கள். குடாவில் இருக்கிற கடற்புல் பகல் முழுக்க வெயிலில் காபனீரொட்சைட்டைக் குடித்து முடித்திருக்கும், பின்னேரத் தண்ணீர் குஞ்சுக்கு நல்லது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கடற்புல்லான சாதாளைதான் நினைவுக்கு வந்தது. மண்டைதீவுக் கரையில் அதில் சறுக்கி விழுந்து எத்தனை தடவை சட்டை நனைந்திருக்கும்.

முக்குளிப்பான்

அக்கா எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். சங்கு குளிக்கிறவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன், இது உங்கள் கணக்கில் எங்கே வருகிறது என்று படித்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கு சிப்பி மாதிரிக் குஞ்சைத் தண்ணீரில் விட்டுவிடுவதில்லை. அடியில் மணலுக்குள் ஒரு முனையை ஊன்றி முட்டைக் கூட்டை வைக்கும். நாங்கள் அதைச் சங்குப்பூ என்போம். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி முறுக்கி, வளையம் வளையமாக, தோலைப் போலக் கெட்டியாக இருக்கும். ஒருமுறை கரையில் ஒதுங்கின ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் குட்டிச் சங்குகள். நெல்லு மணியைவிடக் கொஞ்சம் பெரிது, வாய், முனை, முறுக்கு எல்லாம் சரியாக, அம்மாச் சங்கை அப்படியே சின்னதாக்கினது போல. ஒன்றை நகத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். ஓடு கண்ணாடி மாதிரி, உள்ளே இருக்கிற சதை தெரிந்தது. அதன்பிறகு சங்குப்பூவைக் கண்டால் கை வைப்பதில்லை. வலையில் வந்தாலும் திருப்பி மணலில் ஊன்றிவிடச் சொல்வேன்.

அப்ப சங்குக் குஞ்சு தன் முதல் ஓட்டைக் கூட்டுக்குள்ளேயே கட்டி முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. அதற்குப் பாதுகாப்பு அதிகம் என்று சொல்லலாமா?

கடற்றொழில் மாணவி

முக்குளிப்பான் அண்ணை, நீங்கள் எழுதினது எங்கள் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகிற விஷயம். நன்றி.

ஓம், மிதந்து திரியும் குடம்பிப் பருவம் இல்லாதது சங்குக்கு ஒரு நல்லது. மட்டியும் சிப்பியும் முதல் இரண்டு நாளை நேரடியாகத் திறந்த நீரில் கழிக்கின்றன. ஆனால் கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகு சங்குக்கும் அதே கடல்தான். அதன் ஓடு அரகனைட்டு வகைச் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் இரண்டு வகை முக்கியம், கல்சைட்டு ஒன்று, அரகனைட்டு மற்றது. அரகனைட்டு இரண்டிலும் இலகுவாகக் கரைவது. முத்துச் சிப்பியின் வெளிப்பக்கம் கல்சைட்டு, உள்ளே மினுங்குகிற முத்துப்படை அரகனைட்டு. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த அதே பினக்டாடா இனத்தை பி.எச் 7.8 உள்ள நீரில் வைத்துப் பார்த்தபோது ஓட்டின் உறுதி ஏறத்தாழக் கால்வாசி குறைந்திருந்தது. காபனீரொட்சைட்டு வெளியேற்றம் குறையாமல் போனால் இந்த நூற்றாண்டு முடிவில் கடல் போய் நிற்கக்கூடிய அளவு அது.

சாட்டிக்கரை அண்ணை எல்லாவற்றுக்கும் ஒரே அடியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 2009இல் ரீஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஓடு கட்டும் 18 இனங்களை வெவ்வேறு அளவு காபனீரொட்சைட்டு உள்ள நீரில் வளர்த்தார்கள். பத்து இனங்களில் ஓடு கட்டுவது குறைந்தது. சிலவற்றில் கூடியது. நண்டு, சிங்கி இறால், இறால் வகைகள் கூடின பக்கம். நண்டின் ஓடு வெறும் சுண்ணாம்பு இல்லை, கைற்றின் என்ற உறுதியான பொருளும் சேர்ந்தது, அத்தோடு வெளியே ஒரு மெழுகு மாதிரியான மூடியும் உண்டு. அதைப் பார்த்து நண்டுக்குக் கவலை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. தடித்த ஓடு கட்டச் செலவான சக்தி வேறு எங்கேயோ குறைந்திருக்கும். 2020இல் வட அமெரிக்கக் கரையில் ஒரு நண்டினத்தின் குடம்பிகளின் ஓடு அரிக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள்.

சக்தி ஏன் செலவாகிறது என்றால், ஓடு கட்டுகிற உயிர் தன் உடம்புக்குள் சேர்கிற ஐதரசன் அயனை வெளியே தள்ளவேண்டும். வெளியே ஏற்கனவே அது கூட இருந்தால் தள்ளுவது கஷ்டம். அலை அடித்து வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது இறைப்பதை நினைத்துப் பாருங்கள்.

கடலட்டையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதையும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எங்கள் கரையில் பண்ணைகள் நிறைய. அட்டைக்கு ஓடு இல்லை. தோலுக்குள் நுண்ணிய சுண்ணாம்புத் துண்டுகள் இருக்கின்றன, மக்னீசியம் கூடிய கல்சைட்டு, அரகனைட்டை விடவும் இலகுவாகக் கரையக்கூடியது. அட்டை பதப்படுத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவித்து மணலில் புதைத்து எடுத்தபிறகு மேலே உரசி உரசிக் கழுவுவார்களே, அந்த வெள்ளைச் சுண்ணாம்பு அதுதான். இதில் ஓர் ஆச்சரியம்: அட்டை மணலைத் தின்று கழிக்கும்போது அதன் குடலில் சுண்ணாம்புத் துகள்கள் ஓரளவு கரைகின்றன. அதோடு அமோனியாவும் வெளியே வருகிறது. அதனால் சுற்றியுள்ள நீரின் காரத்தன்மை கொஞ்சம் கூடுகிறது. அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஒன் ட்ரீ தீவில் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள்.

நெடுந்தீவு மதில்

தங்கச்சி, அப்படியென்றால் மட்டியும் சிப்பியும் நிறைய வளர்த்தால், ஓட்டுக்குள்ளே காபன் போய்ச் சேர்ந்துவிடும், கடலும் திருந்திவிடும் என்று ஒருவர் காணொளியில் சொன்னார். சரிதானா?

கடற்றொழில் மாணவி

சரியில்லை அண்ணை. ஓடு கட்டும்போது இரண்டு இருகாபனேற்றில் ஒன்று ஓட்டுக்குப் போகிறது, மற்றது காபனீரொட்சைட்டாக நீருக்குத் திரும்புகிறது. மாஸ்ரருடைய கேத்தலில் கல் படியும்போது வாயு பறந்ததே, அதே கதை. மட்டி வளர்ப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நீரை வடிகட்டித் தெளிவாக்கும், வீட்டுக்குச் சாப்பாடு தரும். அமிலமாதலுக்கு மருந்து அது இல்லை. காற்றுக்கு விடுகிறதைக் குறைப்பதைத் தவிர முழு மருந்து வேறு கிடையாது.

பாசையூர்த் தொழிலாளி

பிள்ளை, நீயும் வன்கூவர்த் தங்கச்சியும் எழுதினதைப் படித்தபிறகு நான் முதலில் எழுதினதில் ஒரு பாதியை மாற்றிக்கொள்கிறேன்.

சாதாளை விஷயம் எனக்கு உறைத்தது. வெயில் ஏறின மத்தியானத்தில் பரவைக்கடலுக்குள் முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் சாதாளை இலை முழுக்கக் குட்டிக் குட்டிக் குமிழி ஒட்டியிருக்கும். கையால் தட்டினால் ஊசிப்பட்டாசு மாதிரி மேலே ஏறும். என் அப்பு அதைச் சாதாளை மூச்சு விடுகிறது என்பார். அது காபனீரொட்சைட்டை வாங்கி ஒட்சிசனை விடுகிற வேலை என்று இப்போது விளங்குகிறது. இழுவைமடி முதலில் கிழித்துக்கொண்டு போவது அந்தச் சாதாளையைத்தான். மடியில் மீனோடு சுருள் சுருளாக வரும். அப்ப மட்டிக் குஞ்சுக்குப் பகலில் நல்ல தண்ணீர் கொடுக்கிற ஒன்றை நாங்கள் வேரோடு இழக்கிறோம். நான் இரண்டு கதை என்று நினைத்தது ஒரே கதை.

இதை எங்கள் சங்கக் கூட்டத்தில் பேசப் போகிறேன். இழுவைமடிக்கு எதிராக மீன் குறைகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடற்றொழில் மாணவி

அண்ணை, இதையும் சேர்த்துப் பேசுங்கள். சாதாளை இரவில் மூச்சு வாங்கும்போது காபனீரொட்சைட்டைத் திருப்பி விடும். அதனால் விடியற்காலையில் பி.எச் இறங்கி, பின்னேரம் ஏறி நிற்கும். அதை முழுத் தீர்வு என்று சொல்லிவிடாதீர்கள், யாராவது அளந்து பார்த்து மறுத்தால் உங்கள் வாதம் முழுவதும் விழுந்துவிடும். இன்னொன்று தோட்டத்து உரம். எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நிலத்தடி நீர் வழியாக அது கடலுக்கும் போகும். பாசி செழித்து, பிறகு அழுகி, அந்த அழுகலில் இருந்து வருகிற காபனீரொட்சைட்டும் கரையோர நீரை அதே பக்கம் தள்ளும். இதில் உலகத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, எங்கள் கையில் இருப்பது.

சாட்டிக்கரை

மீன்தொட்டிக் கடையில் பி.எச் தாள் விற்கிறார்கள். வாங்கி ஒவ்வொரு கிழமையும் சாட்டியில் அளக்கட்டுமா? யாரும் அளக்காவிட்டால் எங்களுக்கு எப்போதும் தெரியாமலே போய்விடும்.

நிலாவரையடி மாஸ்ரர்

ஆசையைப் பாராட்டுகிறேன், ஆனால் அந்தத் தாள் காணாது. ஹவாய்க்கு அப்பால் ஆழ்கடலில் ஒரே இடத்தில் 1988 முதல் அளக்கிறார்கள். அங்கே பி.எச் இறங்குகிற வேகம் பத்தாண்டுக்கு 0.02 அளவில். உங்கள் தாளில் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையில் அதைப்போல எத்தனையோ மடங்கு. பரவைக்கடலில் சாதாளையால் ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவது ஒரு நூற்றாண்டு மாற்றத்தை விடக் கூடவாக இருக்கலாம். சரியாக அளக்க நிறமானியும் சாயமும் வேண்டும், நீர் மாதிரியைப் போத்தலில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, நுண்ணுயிர் வேலை செய்யாமல் இரசக் குளோரைட்டு இடவேண்டும். அது நஞ்சு. வீட்டில் வைக்கிற சாமான் இல்லை. அதை ஆய்வுகூடத்துக்கு விட்டுவிடுவோம்.

ஆனால் வீட்டிலிருந்து ஒன்று செய்யலாம். ஓட்டைச் சேருங்கள். ஒரே இனம், ஒரே கரை, ஒரே மாதம். ஒவ்வொன்றின் நீளத்தையும் நிறையையும் எழுதுங்கள். எடுத்த திகதியையும் இடத்தையும் ஓட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். இருபது வருடம் கழித்து யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் கையில் கொடுக்க ஏதாவது இருக்கும்.

கடற்றொழில் மாணவி

மாஸ்ரர் சொன்னதற்கு மேல் ஒன்று. ஓட்டின் உட்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், இனம் பிரிக்க அதுதான் உதவும். நானும் எங்கள் ஆய்வுகூடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

சாட்டிக்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து வருகிறேன், சொல்ல விஷயம் இருக்கிறது.

பாசையூர் அண்ணை சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். மட்டியை வாசலில் வந்த ஒரு புதுக்காரரிடம் வாங்கினாராம். வழக்கமாக வாங்கும் ஆளிடம் இல்லை. பிறகு மாஸ்ரர் சொன்னதை நினைத்து, நான் காலை வெட்டிக்கொண்ட அந்த வேலியோரத்தை மண்வெட்டியால் கிளறினேன். ஒரு முழம் ஆழத்தில் பழைய ஓடுகள் வந்தன. கழுவிக் காயவைத்துப் புதியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். பழையது தடிப்பு, முதுகில் வரி வரியாகக் கோடு, மூட்டில் சீப்புப் பல்லு மாதிரி வரிசையாகப் பற்கள். புதியது வழவழப்பு, மூட்டில் இரண்டு மூன்று பல்லுத்தான். படத்தைக் கடற்றொழில் படிக்கிற தங்கச்சிக்கு அனுப்பினேன். இரண்டும் வேறு வேறு இனம் என்று உடனே சொல்லிவிட்டார். ஆக, நான் முதல் பதிவில் எழுதின நொறுங்கின ஓட்டுக்கும் சமுத்திர அமிலமாதலுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஒன்றும் இல்லை. அதைத் திருத்தி இங்கேயே எழுதிவிடுகிறேன், யாரும் அந்தப் பதிவை மட்டும் எடுத்துப் பகிரவேண்டாம்.

பழைய ஓடுகளில் முழுதாக இருந்த பதினொன்றை எடுத்து வைத்திருக்கிறேன். வரிபோட்ட அந்த இனம் இப்போதும் கிடைக்கிறது என்று பாசையூர் அண்ணை சொல்கிறார். வருகிற பறுவத்துக்குப் பிறகு தண்ணீர் வற்றும்போது கொண்டுவந்து தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். மகள் பால்மா வந்த தகரப் பேணி ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறாள். மேலே ஒட்டின தாளில் இடம், திகதி, யார் எடுத்தது என்று மூன்று கோடு போட்டு, மூன்றாவது கோட்டில் தன் பெயரை முதலே எழுதிவிட்டாள். நகைக்கடைத் தராசு ஒன்றை இரவலாகக் கேட்டிருக்கிறேன். வேணியர் இடுக்குமானி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நிலாவரையடி மாஸ்ரர்

என்னிடம் இருக்கிறது. பழசு, ஆனால் பிழையில்லாமல் காட்டும். வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வாசிக்கச் சொல்லிக்கொடுத்து விடுகிறேன்.